ஐந்து ஆபீசும் ஒரு முடக்கும்

புயல் வந்து போகும்வரை எங்கள் ரோடு ஓர் அநாதை என்றுதான் நினைத்திருந்தேன். குழியில் விழுந்து கொழுந்து லொறி சாய்ந்தபோதும் யாரும் வந்ததில்லை, மழைக்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபோதும் யாரும் வந்ததில்லை. மண்சரிவு வந்து ரோட்டை மூடிய பிறகுதான் ஐந்து ஆபீசுகளிலிருந்து ஐந்து வாகனங்கள் வந்தன. வந்த ஐந்து பேரும் மண்ணைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், இது தங்களுடைய ரோடு அல்ல என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரு பொருள் தன்னுடையது அல்ல என்று சொல்வதற்கும் ஆள் வேண்டும் அல்லவா. எங்கள் ரோட்டுக்கு ஐந்து பேர் இருந்தார்கள்.

விஷயம் இதுதான். நானுஓயாவிலிருந்து வரும் பெரிய ரோட்டை விட்டுப் பிரிந்து பாலம் வரைக்கும் ஓர் ஆபீஸ். பாலத்திலிருந்து தேயிலை ஸ்டோர் வரைக்கும் மாகாணத்துக்காரர்கள். ஸ்டோரிலிருந்து ரோடு வளையும் முடக்கு வரைக்கும் பிரதேச சபைக்காரர்கள். முடக்கைத் தாண்டி மேலே ஏறினால் எங்கள் லயத்து வீட்டு வரிசைகள் இருக்கும் மேற்கணக்கு என்ற தோட்டப் பிரிவு, அது தோட்டக் கம்பனியின் பாடு. ஐந்தாவது ஆபீஸ் அனர்த்தம் நடந்தால் மட்டும் கண் விழிக்கும். மண்ணுக்கு அறிவிருந்தால் கொஞ்சம் மேலேயோ கீழேயோ பார்த்து விழுந்திருக்கும். அது சரியாக முடக்கில் விழுந்தது. விழுந்த மண் தேயிலை மலையிலிருந்து வந்தது, ஆகவே மண்ணின் சொந்தக்காரர் அள்ளட்டும் என்றது சபை. மண் கிடப்பது ரோட்டில், ஆகவே ரோட்டின் சொந்தக்காரர் அள்ளட்டும் என்றது கம்பனி. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். நியாயத்தின் மேல் மண் கிடந்தது.

இதில் எனக்கென்ன இவ்வளவு எரிச்சல் என்றால், என் அக்கா. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன். அவள் கொழுந்தெடுத்து என்னைப் படிக்க வைத்தவள். புருசன் செத்த பிறகு லயத்தில் என் காம்பராவுக்கு அடுத்த அறையில் இருக்கிறாள். அவளுடைய கிட்னி இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு தரம் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு தரம் தவறினால் கால் வீங்கும். மறுபடியும் தவறினால் மூச்சு முட்டும். அதற்கு மேல் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அங்கே மெசின் சும்மா நிற்பதில்லை. ஒருவர் எழும்ப மற்றவர் படுக்க வேண்டும். பிந்திப் போனால் போனதுதான்.

டவுனில் ஓர் அறை எடுத்துத் தருகிறேன், ரோடு சரியாகும் வரைக்கும் அங்கே இரு என்றேன்.

"நான் மருந்துக்குத்தானே போறேன், குடியிருக்கவா போறேன்" என்றாள். "போயிட்டு என் வீட்டுக்கு வந்துருவேன். அங்க தனியா படுத்துக்கிட்டு செவத்தப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலாது."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அக்காவிடம் இரண்டாம் பேச்சு கிடையாது.

ஆகவே நாற்காலி வந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு பக்கமும் கம்பு வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. விடிவதற்கு முன்னமே லயத்து ஆட்கள் நான்கு பேர் வந்து அவளைத் தூக்கிச் சேற்றுக்கு மேலால் முடக்கைக் கடந்து, அந்தப் பக்கம் நிற்கும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஓடிப்போய், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் நிற்பார்கள். இந்த ஏற்பாட்டுக்காக ஒரு கூட்டமும் நடக்கவில்லை. தலைமை தாங்கியவர் எவருமில்லை. தேநீரும் வடையும் வழங்கப்படவில்லை. அதனால்தானோ என்னவோ, ஒரு நாளும் தவறாமல் நடந்தது.

அக்காவுக்கு அது பெரிய வெட்கம். சேலைத் தலைப்பை முகத்துக்கு மேலே போட்டுக்கொள்வாள்.

"பொணத்தத்தான் இப்புடித் தூக்கிட்டுப் போவாங்க" என்று ஒருநாள் உள்ளேயிருந்து சொன்னாள்.

"பொணம் பேசாதுக்கா" என்றான் முன்கம்பைப் பிடித்திருந்தவன். "நீங்க ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் பேசிக்கிட்டேதான் வாறீங்க."

நாங்கள் சிரித்தோம். தலைப்புக்குள் அவளும் சிரித்திருப்பாள். அவளுடைய கால்கள் நாற்காலியிலிருந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும், அதனால் நான் எப்போதும் முன்னால் நடப்பேன்.

பிறகு ஒருங்கிணைப்பு என்ற ஒன்று தொடங்கியது. ஐந்து ஆபீசும் கைகோத்து வேலை செய்யப் போகின்றன என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்தின் சார்பில் நானும், லயத்தின் சார்பில் எங்கள் தோட்டத் தலைவரும் டவுனுக்குப் போனோம். தலைவர் என்றால் சங்கத்துத் தலைவர். பெரட்டில் துரையோடு சண்டை பிடிக்கிறவர், சாமி காரியங்களிலும் முன்னுக்கு நிற்கிறவர். கூட்டத்தில் எல்லா ஆபீசுக்காரர்களும் வரிசையாக இருந்தார்கள். மூன்று மொழியிலும் பேசினார்கள். சிங்களத்தில் பலமு என்றார்கள், தமிழில் பார்ப்போம் என்றார்கள், இங்கிலீசில் நோட்டட் என்றார்கள். மூன்றுக்கும் ஒரே அர்த்தம்தான். இந்த நாட்டில் மொழிப் பிரச்சினை தீராது என்று யார் சொன்னது?

எங்கள் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அதிகாரி. நல்ல மனிதர். அதுதான் கஷ்டம், கெட்டவராக இருந்தால் திட்டலாம்.

"மாஸ்டர், எனக்கு உங்கட கஷ்டம் விளங்குது" என்றார். "ஆனா எல்லாரும் ஒருமிச்சு இடத்தை வந்து பாக்காமல் ஒண்டும் செய்யேலாது."

"எல்லாரும் தனித்தனியா வந்து பாத்துட்டுப் போனீங்களே சேர்."

"அது தனித்தனி. இது ஒருமிச்சு."

ஒருமித்துப் பார்க்கும் நாள் தள்ளிக்கொண்டே போனது. ஐந்து வாகனமும் ஒரே நாளில் ஓடும் நிலையில் இருப்பது குதிரைக் கொம்பு. லயத்து ஆட்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் கூடையுமாக முடக்குக்கு இறங்கினார்கள். ரோடு திறக்காவிட்டாலும் ஓரமாக ஒரு பாதையாவது வெட்டலாம் என்று எண்ணம்.

இங்கேதான் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் அதைச் செய்திருக்கமாட்டார்கள். மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது முதலில் ஒரு கல்லை நட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, தேசிக்காய் வெட்டி, சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பது வழக்கம். கவ்வாத்துச் சாமி என்போம். வேலை முடியும்வரை யாருக்கும் வெட்டு விழாமல் அவர் பார்த்துக்கொள்வார். வேலை முடியும்வரை அவரை யாரும் அசைக்கவும் கூடாது. மலையில் அந்தக் கல் நின்றால் யாருக்கு என்ன? தலைவர் அதே பழக்கத்தில் முடக்கிலும் ஒரு கல்லைத் தேடி எடுத்து, நல்ல இடமாகப் பார்த்து நட்டார். சிவப்புத் துணி சுற்றினார். ரோடு திறந்ததும் சேவல் தருவதாக எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தார். நானும் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் பார்த்த நல்ல இடம் ரோட்டின் நட்டநடு என்பது படித்த எனக்கும் அன்றைக்குப் படவில்லை.

அன்று ஓரப் பாதை வெட்டி முடிந்தது. கொஞ்ச நாளில், யாருடைய புண்ணியமோ, ஐந்து ஆபீசும் ஒரே நாளில் பெக்கோ மெசினோடு வந்து சேர்ந்தன. மெசின்காரர் சிங்களவர், அம்பேவெல பக்கத்து ஆள். பெரிய கையை நீட்டிக்கொண்டு வந்த மெசின் சாமிக்கு முன்னால் வந்து நின்றது. அவர் இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். கும்பிட்டார். திரும்பி வந்து மெசினில் சாய்ந்துகொண்டு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"பே, மாஸ்டர்" என்றார் என்னிடம், முடியாது என்று. "சாமி இருக்கி. எனக்கு சின்னப் புள்ளைங்க இருக்கி."

ஐந்து ஆபீசுக்காரர்களின் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்ததை நான் என் கண்ணால் கண்டேன். புயல் அடித்த நாளிலிருந்து அவர்கள் முதன்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப் போனார்கள். ஒருங்கிணைப்பு என்றால் இதுவல்லவா ஒருங்கிணைப்பு.

"கோயிலெண்டா நாங்கள் கை வைக்கேலாது மாஸ்டர்" என்றார் யாழ்ப்பாணத்து அதிகாரி. "அதுக்கு வேற திணைக்களம் இருக்கு. அவையளும் வந்து பாக்கவேணும்."

ஆறாவது ஆபீஸ்.

"கோயில் இல்ல சேர், கல்லு" என்றேன்.

"அப்ப நீங்களே எடுங்கோவன்."

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். வேலை முடியாமல் சாமியை எடுத்தால் லயத்தில் காவு விழும் என்றார். முன்பொரு காலத்தில் ஒருவன் எடுத்தான், அவன் குடும்பமே இல்லாமல் போய்விட்டது என்றார். எந்தக் காலம், எந்தக் குடும்பம் என்று கேட்டேன். அதெல்லாம் வாத்தியார்மாருக்கு விளங்காது என்றார். ஆக, சாமியை எடுக்காமல் ரோடு திறக்க முடியாது, ரோடு திறக்காமல் சாமியை எடுக்க முடியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்களுக்குச் சாமியே குறுக்கே நின்றார், பூசாரி வீட்டுக்குப் போய்விட்டார். மெசினைக் கீழே ஸ்டோருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நானே கல்லைப் பிடுங்கி ஆற்றில் எறிந்திருப்பேன். ஆனால் எறியவில்லை. எனக்கும் பயம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அக்காவுக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ஆனால் லயத்தில் ஒரு சுவரில் இருமினால் ஆறாவது சுவரில் கேட்கும். அடுத்த ஆஸ்பத்திரி நாள் அன்று நாற்காலி முடக்கின் நடுவே வந்ததும் நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். மடியிலிருந்து சூடத்தை எடுத்துக் கொளுத்தினாள். வீட்டிலேயே யோசித்து எடுத்து வந்திருக்கிறாள்.

"சாமி, வேல முடிஞ்சிருச்சு" என்றாள். "ரோடு நல்லா வந்துருச்சு. ஒங்களுக்கு ரொம்பப் புண்ணியம். இனி மேல போய் இருங்க."

பின்கம்பைப் பிடித்திருந்த தலைவருக்கு முகம் வெளிறிவிட்டது. "என்ன தங்கச்சி, சாமிகிட்டயே பொய் சொல்ற?"

"முடியாத வேலைய முடிஞ்சிருச்சுன்னு சொன்னா எல்லா ஆபீசுலயும் ஒத்துக்கிறாங்கதானே அண்ணே? இவரு மட்டும் என்ன, ஒத்துக்கிட மாட்டாரா?"

அவள் குனியப் பார்த்தாள், முடியவில்லை. முன்கம்புக்காரன் நாற்காலியை விட்டுவிட்டு வந்து கல்லை எடுத்தான். தேயிலைக்குள் கொஞ்சத் தூரம் ஏறி, பத்திரமாக ஒரு செடியடியில் வைத்தான். அவனுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. தலைவர் அன்று பின்னேரமே தன் சொந்தச் சேவலை அறுத்து வாக்கை நிறைவேற்றினார். சாமியிடம் பொய் சொன்னது அக்கா, சேவல் போனது தலைவருக்கு. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் இருக்கிறது.

மறுநாள் மெசின்காரர் வந்தார். கல் எங்கே என்று கேட்கவில்லை. இல்லாத இடத்தை ஒரு தரம் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். மண் முழுவதையும் அள்ள அவருக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. அத்தனை கூட்டத்துக்கும் பிறகு இருந்த வேலை அவ்வளவுதான். பிறகு கல் அடுக்கிச் சுவர் கட்டினார்கள், காங்கிரீட் போட்டார்கள். காங்கிரீட் காயும்வரை அக்காவை ஓரப் பாதையால் தூக்கிப் போனோம். காய்ந்த பிறகும் அப்படியே தூக்கிப் போனோம், ஏனென்றால் திறப்பு விழா வைக்காமல் ரோட்டில் வாகனம் போகக் கூடாது என்று பீப்பாய்களை வைத்து மறித்துவிட்டார்கள். ஐந்து ஆபீசின் பெரியவர்களுக்கும் ஒரே நாளில் நேரம் கிடைக்க வேண்டுமாம்.

கிடைத்த நாள் அக்காவின் ஆஸ்பத்திரி நாள். காலையிலேயே விழா, வெயில் ஏறுவதற்கு முன்னமே முடிந்துவிடும் என்று அறிவித்திருந்தார்கள். அக்காவுக்குச் சந்தோசம். முதல் நாளே நாற்காலியிலிருந்து கம்புகளை அவிழ்க்கச் சொல்லி, நாற்காலியைக் கழுவி வாசலில் காய வைத்தாள். தூக்க வந்தவர்களிடம், "இனிமே நீங்க வரத் தேவல்ல, நான் ஆட்டோவுல போற ஆளு" என்றாள். நல்ல சேலை உடுத்திக்கொண்டாள். புயலிலிருந்து மேலேயே அடைபட்டுக் கிடந்த லயத்து ஆட்டோ இருக்கிறதுதானே, விடியுமுன் கிளம்ப வேண்டியதில்லை என்று நாங்களும் கொஞ்சம் ஆறுதலாகவே புறப்பட்டோம்.

முடக்கில் ரோட்டின் குறுக்கே பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்குள் நாற்காலிகள், நாற்காலிகளில் பெரட்டை விட்டுக் கூட்டி வந்திருந்த எங்கள் ஆட்கள். அந்தப் பக்கம் ரிப்பன். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகையில் இரண்டு படங்கள். ஒன்றில் புது ரோடு. மற்றதில் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் போகும் அக்கா. யாரோ எடுத்து முகநூலில் போட்ட படம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரியவர்களில் ஒருவர் இன்னும் வந்து சேரவில்லை. அவர் வரும்வரை வந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவை மறித்தார்கள். நான் இறங்கிப் போய் யாழ்ப்பாணத்து அதிகாரியைப் பிடித்தேன்.

"சேர், அக்காவுக்கு மெசினுக்கு நேரமாவுது."

அவர் முகம் சுருங்கியது. "ஐயோ மாஸ்டர். கொஞ்சம் பொறுங்கோ. நான் சொல்லிப் பாக்கிறன். இன்னும் ரெண்டு பேச்சுத்தான்."

ஆட்டோவுக்குள் இருந்தபடியே அக்கா ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேடையில் இருந்தவர் நன்றாகப் பேசினார். எழுதிவைத்துப் பேசவில்லை, மனதிலிருந்து பேசினார். இந்த ரோடு இல்லாததால் ஒரு ஏழைச் சகோதரி சிகிச்சைக்காக நாற்காலியில் சுமந்து செல்லப்பட்டார், அந்தப் படத்தைப் பார்த்து நான் தூங்கவில்லை என்றார். இனி அந்தச் சகோதரி ஒரு நிமிடமும் காத்திருக்கத் தேவையில்லை என்றார்.

அக்கா இறங்கினாள்.

"எங்க போற அக்கா?" என்றேன்.

"ரோடு போட்டிருக்காங்கள்ல? நடப்போம்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் நடந்தாள். மெல்லத்தான் நடக்க முடிந்தது. வீங்கிய காலுக்குச் செருப்பு ஏறாமல் பாதிப் பாதம் வெளியே நின்றது. அவளைக் கண்டதும் நாற்காலி தூக்கிய ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். பந்தல் முழுவதும் எழுந்து நின்றது. தன் பேச்சுக்குத்தான் எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்து மேடையில் இருந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். வீடியோ எடுப்பவருக்கு நாங்கள் குறுக்கே நின்றோம் போலிருக்கிறது, அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் மரியாதையாகச் சொன்னார்.

"அந்த அம்மா கொஞ்சம் ஓரமா போங்க."

அக்கா ஓரமாகப் போனாள். ரிப்பனை ஒரு கையால் தூக்கி அதற்கடியால் குனிந்து அந்தப் பக்கம் வந்தோம். தூக்கவா என்று இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கீழே ரோடு முழுவதும் பெரியவர்களின் வாகனங்கள் மூக்கோடு மூக்காக நின்றன, ஆட்டோ பிடிப்பதற்கு ஸ்டோரையும் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. வழியெல்லாம் பேச்சு எங்கள் பின்னாலேயே கேட்டது. நாற்காலியில் முழு வழியும் பேசிக்கொண்டு வருகிறவள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு வாங்கினாள்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். நேரத்துக்கு வந்தவர். தாதி நல்லவள், எங்களைப் பல மாதமாகத் தெரிந்தவள். ஒன்றும் செய்ய முடியாது, கடைசியில் யாராவது சீக்கிரம் எழும்பினால் பாதி நேரமாவது போடலாம் என்றாள். பிந்தி வரக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும்தானே அம்மா என்றாள்.

அக்கா வாங்குப் பலகையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலையின் ஓரமெல்லாம் காங்கிரீட் தூசு.

"ரோடு இல்லாத காலத்துல" என்று அவள் தாதியிடம் கேட்டாள், "நான் ஒரு நாளாவது பிந்தி வந்திருக்கேனா மிஸ்?"